தியன் பியன் பூ: தெரிந்தே பள்ளத்தாக்கில் ஏன் போய் உட்கார்ந்தார்கள்?

கேள்வி இது: "சுற்றிலும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. இரண்டாம் உலகப் போரைப் பார்த்த பிரெஞ்சுத் தளபதிகள் 1953இல் தெரிந்தே அதற்குள் போய் ஏன் உட்கார்ந்தார்கள்? தோற்ற பிறகு என்ன ஆயிற்று? நம் புதுச்சேரி கைமாறியதற்கும் இந்தப் போருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?"

முட்டாள்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் வரைபடத்தை விரித்து வைத்து யோசித்தே அவர்கள் அங்கே போனார்கள். யோசித்த கணக்கில் அரிசியும் பீரங்கியும் மலையேறும் பகுதி மட்டும் தப்பாகிவிட்டது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தியன் பியன் பூ வியட்நாமின் வடமேற்கு மூலையில், லாவோஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஹனோயிலிருந்து வான்வழியில் சுமார் 300 கிலோமீட்டர். பள்ளத்தாக்கின் நீளம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர், அகலம் 6 முதல் 8 வரை. நடுவில் நாம் யும் என்று ஒரு சிற்றாறு, நெல்வயல்கள், தாய் (Tai) என்ற இன மக்களின் கிராமங்கள், ஜப்பானியர் காலத்துப் பழைய விமான ஓடுபாதை ஒன்று. 1953 நவம்பர் 20ஆம் தேதி காலையில் பிரெஞ்சு பாராசூட் வீரர்கள் இங்கே குதித்தார்கள்.

போனதற்குக் காரணம் ஒன்றல்ல. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஹோ சி மின்னின் வியட்மின் படை லாவோஸுக்குள் நுழையும் வழியை அடைக்க வேண்டும், அது ஒன்று. அந்தப் பகுதியின் அபினி விளைச்சல் வியட்மின் கைக்குப் போகக் கூடாது, அது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பெரிய ஆசை, வியட்மின் தளபதி ஜெனரல் ஜியாப்பை வெட்டவெளிக்கு இழுத்து வருவது. ஏழு வருடமாகக் காட்டில் அடித்துவிட்டு ஓடி மறையும் எதிரியை ஒரே இடத்தில் மோதவிட்டு, பீரங்கியாலும் விமானத்தாலும் நசுக்கிவிடலாம் என்று தலைமைத் தளபதி நவார் நினைத்தார். சுற்றி வளைக்கப்படுவது அவருடைய திட்டத்திலேயே இருந்தது. தூண்டிலில் புழு மாட்டுவது போலத் தன் படையையே மாட்டினார்.

இதற்கு முன்னுதாரணமும் அவரிடம் இருந்தது. 1952 கடைசியில் நா சான் என்ற இடத்தில் இதே மாதிரி விமான ஓடுபாதையைச் சுற்றி ஒரு முகாம். ஜியாப் மோதினார், ஏராளமான ஆட்களை இழந்து பின்வாங்கினார். அங்கே பலித்தது இங்கேயும் பலிக்கும் என்று கணக்குப் போட்டதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. நா சானில் சுற்றியிருந்த உயரமான குன்றுகள் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தன. தியன் பியன் பூவில் பள்ளத்தாக்கின் உள்ளே இருந்த சிறு மேடுகள் மட்டும்தான் கிடைத்தன. மலைவரிசை முழுக்க எதிரிக்கு.

மலை எதிரியிடம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் பீரங்கித் தளபதி கர்னல் பிரோத் வருகிறார். முந்தைய சண்டையில் ஒரு கையை இழந்தவர், அனுபவசாலி. அவர் சொன்ன வாதம் பாடப்புத்தகப்படி சரியானது. சாலையில்லாத காட்டு மலையில் கனரகப் பீரங்கி ஏறாது. ஏறினாலும் மலையின் பின்சரிவில்தான் நிறுத்த முடியும், அங்கிருந்து எட்டாது. முன்சரிவில் நிறுத்தினால் சுட்ட மறுகணம் நம் கண்ணில் பட்டுவிடும், இரண்டு மூன்று குண்டுக்குள் அதை அழித்துவிடுவோம். சரி, இதையெல்லாம் மீறி நின்றுவிட்டாலும் சுடுவதற்குக் குண்டு வேண்டுமே, யார் சுமந்து வருவது?

சுமந்து வந்தார்கள். இந்தப் போரில் எனக்கு எப்போதும் அலுக்காத பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தலைச்சுமையாக அரிசி கொண்டுபோனால், சுமப்பவர் போக வரத் தானே தின்று பெரும்பகுதியைத் தீர்த்துவிடுவார். அதற்குத்தான் சைக்கிள். ஏறி ஓட்டுவதற்கல்ல, தள்ளுவதற்கு. ஹேண்டில்பாரின் ஒரு பக்கத்தில் நீளமான மூங்கில் கம்பைக் கட்டிவிடுவார்கள், பக்கத்தில் நடந்தபடியே திருப்புவதற்கு. சீட் இருக்கும் இடத்தில் இன்னொரு கம்பு நட்டுக்குத்தலாக, முதுகளவு உயரத்தில், பிடித்துத் தள்ளவும் சரிவில் இழுத்துப் பிடிக்கவும். டயருக்குள் பழந்துணி சுற்றி வைப்பார்கள், முள்ளும் கல்லும் கிழிக்காமலிருக்க. இப்படிச் செய்த சைக்கிளில் 200 கிலோ ஏறும். 300ஐத் தாண்டித் தள்ளியவர்களும் உண்டு. பெரும்பாலும் இரவில்தான் பயணம், பகலில் விமானம் வரும். சுமார் 20,000 சைக்கிள்கள், 2,60,000 பொதுமக்கள் இந்தச் சுமைவேலையில் இருந்ததாக வியட்நாமியக் கணக்கு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிள் கதை அழகாக இருப்பதால் லாரியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். சோவியத் மொலோடோவா லாரிகள் நூற்றுக்கணக்கில் ஓடின. மலைச் சாலையைக் குண்டு போட்டு உடைக்க உடைக்க, ஓரத்திலேயே காத்திருந்த ஆட்கள் அன்றிரவே சரிசெய்தார்கள். துவான் ஜியாவோவிலிருந்து தியன் பியன் பூ வரைக்கும் சுமார் 80 கிலோமீட்டர் பாதையை அகலப்படுத்தியது சைக்கிளுக்காக அல்ல, லாரிக்காக. பீரங்கி, குண்டு, ஆலோசகர்கள் எல்லாம் சீனாவிலிருந்து வந்தன. விவசாயிகளின் தோள் மட்டுமே ஜெயித்தது என்பது பாதிக் கதை.

பீரங்கிக்கு வருவோம். 105 மில்லிமீட்டர் ஹொவிட்சர் ஒன்று இரண்டு டன்னுக்கு மேல் எடை. லாரி போகாத கடைசி 15 கிலோமீட்டரில் கயிறு கட்டி மனிதர்கள் இழுத்தார்கள். மேலே ஏற்றும்போது ஒவ்வொரு அடிக்கும் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை கொடுக்க வேண்டும். இறக்கும்போது மரத்தில் சுற்றிய கயிறுதான் பிரேக். ஒரு இரவு முழுக்க இழுத்தாலும் ஒரு கிலோமீட்டர் நகராது. கயிறு அறுந்து சரிந்த விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றை நிறுத்த, தோ வின் தியன் என்ற வீரர் தன் உடம்பையே சக்கரத்துக்குக் கட்டையாகக் கொடுத்தார். வியட்நாமில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர் அது.

இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய பீரங்கிகளை ஜியாப் திரும்ப இறக்கச் சொன்னார். 1954 ஜனவரி 25ஆம் தேதி தாக்குவதாகத் திட்டம், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம் என்று சீன ஆலோசகர்களும் தன் அதிகாரிகளும் சொன்னார்கள். ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த இரவில் ஜியாப்புக்குத் தூக்கமில்லை, தலைவலி, நெற்றியில் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பட்டாலியனுக்கு (சில நூறு வீரர்கள்) மேல் அரண் அமைத்துக் காத்த இடத்தைத் தன் படை இதுவரை அழித்ததில்லை. பீரங்கியும் காலாட்படையும் சேர்ந்து இயங்கிப் பழக்கமில்லை. இரவில் அடித்து விலகியே பழகியவர்கள், வெட்டவெளியில் பகலிலும் நின்று சண்டை போட வேண்டும். காலையில் சீன ஆலோசகர் வெய் குவோசிங்கைப் பார்த்துத் தாக்குதலை நிறுத்துவதாகச் சொன்னார். "வேகமாக அடி, வேகமாக ஜெயி" என்றிருந்த திட்டம் "நிதானமாக அடி, நிதானமாக முன்னேறு" என்று மாறியது. வாழ்க்கையிலேயே கஷ்டமான முடிவு அதுதான் என்று பின்னால் சொன்னார். ராணுவப் பள்ளியின் வாசலையே மிதிக்காதவர், ஹனோயில் வரலாறு சொல்லிக்கொடுத்த ஆசிரியர். என் பார்வையில் போர் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அடுத்த ஆறு வாரத்தில் மலையின் முன்சரிவிலேயே, பிரோத் முடியாது என்ற அதே இடத்தில், குகை மாதிரி குடைந்து ஒவ்வொரு பீரங்கியையும் உள்ளே வைத்தார்கள். வாய் மட்டும்தான் வெளியே தெரியும், மேலே பல அடி மண். கொஞ்சம் தள்ளி மரக்கட்டையில் பொய்ப் பீரங்கிகள், பக்கத்தில் வெடிமருந்து வைத்துப் புகையும் வெளிச்சமும் காட்டுவதற்கு. பிரெஞ்சுக்காரர்கள் பதிலுக்குச் சுட்டது பெரும்பாலும் கட்டையை.

பள்ளத்தாக்கிலிருந்த மேடுகளுக்கு எல்லாம் பெண்கள் பெயர்: ஆன் மரீ, பெயத்ரீஸ், கிளோதின், தொமினிக், எலியான், கப்ரியேல், யுகேத், இசபெல். முகாம் தளபதி த காஸ்திரியின் காதலிகள் பெயர் என்று ஒரு கிசுகிசு இன்றும் ஓடுகிறது. பிரெஞ்சில் எழுதி முதலெழுத்துகளைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்: A, B, C, D, E, G, H, I என்று அகரவரிசை.

மார்ச் 13 மாலை 5 மணிவாக்கில் குண்டுமழை தொடங்கியது. நள்ளிரவு தாண்டும்போது பெயத்ரீஸ் போய்விட்டது. அதைக் காத்தது லீஜியனின், அதாவது வெளிநாட்டவரைச் சேர்த்த பிரெஞ்சுப் படையின், பேர்பெற்ற பட்டாலியன். மையத் தளத்தின் பதுங்குகுழியில் நேராக விழுந்த குண்டில் அந்த லீஜியன் படைப்பிரிவின் தளபதி கர்னல் கோஷே செத்தார். 15ஆம் தேதி காலை கப்ரியேல் விழுந்தது. ஒவ்வொரு பதுங்குகுழியாகப் போய் மன்னிப்புக் கேட்ட பிரோத், தன் குழிக்குத் திரும்பி, இருந்த ஒரு கையில் கையெறிகுண்டைப் பிடித்துப் பல்லால் ஊசியை இழுத்தார். கொஞ்ச நாள் வரை செய்தியை வெளியே விடவில்லை. 17ஆம் தேதி ஆன் மரீயிலிருந்த தாய் இனப் படையினர் பெரும்பாலோர் கலைந்து போனார்கள். ஐந்தே நாளில் வடக்கு முழுக்கப் போயிற்று, ஓடுபாதை நேராகக் குண்டுக்கு அடியில் வந்துவிட்டது. மார்ச் கடைசியோடு விமானம் இறங்குவது நின்றது.

விமானம் நின்றதும் முகாமின் தொண்டையைப் பிடித்த மாதிரி ஆயிற்று. காயம்பட்டவர்களை வெளியே அனுப்ப வழியில்லை. நாற்பது சொச்சம் படுக்கைக்கு அமைத்த ஆஸ்பத்திரியில் நூற்றுக்கணக்கானவர்கள் மழைச்சேற்றில் கிடந்தார்கள். உணவு, மருந்து, குண்டு எல்லாம் பாராசூட்டில். விமான எதிர்ப்புப் பீரங்கிக்குப் பயந்து உயரத்திலிருந்தே போட்டதால் பாதி எதிரி பக்கம் விழுந்தது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், இரண்டு பக்கமும் அமெரிக்கத் தயாரிப்பு 105 பீரங்கிகளே வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது அமெரிக்க உதவி, வியட்மினிடம் இருந்தது சீனா கைப்பற்றிக் கொடுத்தது. தவறி விழுந்த பிரெஞ்சுக் குண்டு மறுநாள் பிரெஞ்சு முகாமின் மேலேயே வந்து வெடித்தது.

மருத்துவ விமானம் பழுதாகி அங்கேயே மாட்டிக்கொண்ட செவிலி ஜெனவியேவ் த கலார்தை முகாமிலிருந்த ஒரே பெண் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஒரே பெண் அல்ல. ராணுவம் சிப்பாய்களுக்காகக் கூட்டி வந்து வைத்திருந்த அல்ஜீரிய, வியட்நாமியப் பெண்களும் இருந்தார்கள். கடைசி வாரங்களில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர்களில் அவர்களும் உண்டு. பதக்கப் பட்டியலில் இல்லாததால் கதையிலும் இல்லை.

சண்டையில் கலந்துகொள்ளாமல் ஆற்றங்கரைப் பொந்துகளில் ஒளிந்திருந்தவர்களும் ஆயிரக்கணக்கில். "நாம் யும் எலிகள்" என்று சக சிப்பாய்கள் பெயர் வைத்தார்கள். அதே சமயம் பாராசூட்டில் ஒருமுறைகூடக் குதித்துப் பழகாத நூற்றுக்கணக்கானோர், முகாம் விழப்போவது தெரிந்தும், இரவில் வந்து குதித்தார்கள். இரண்டும் ஒரே ஏப்ரலில். "பிரெஞ்சுப் படை" என்கிறோமே தவிர, அங்கே இருந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் வியட்நாமியர். மிச்சத்தில் அல்ஜீரியர், மொராக்கோக்காரர், லீஜியனில் ஏராளமான ஜெர்மானியர், தாய் இனத்தவர். பிரான்ஸில் பிறந்தவர்கள் சிறுபான்மைதான்.

மார்ச் 30க்குப் பிறகு கிழக்கு மேடுகளுக்கான சண்டை, முதல் உலகப் போர் மாதிரி. ஜியாப்பின் ஆட்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் அகழி வெட்டினார்கள், ஒவ்வொரு இரவும் சில மீட்டர் நெருங்கினார்கள். அவர்கள் பக்கத்திலும் இழப்பு பயங்கரம். ஏப்ரலில் படையில் சோர்வு வந்து, அரசியல் கூட்டங்கள் போட்டுத் தேற்ற வேண்டியிருந்தது. வாஷிங்டனில் பி-29 விமானங்களை அனுப்பிக் குண்டு போடலாமா என்று பேச்சு நடந்தது. பிரிட்டன் சேர மறுத்தது, அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் தனியாக இறங்க விரும்பவில்லை. வரிசையாக நிற்கும் டோமினோ கட்டைகளில் ஒன்று விழுந்தால் அடுத்தது விழும், நாடுகளும் கம்யூனிசத்திடம் அப்படித்தான் விழும் என்று அவர் சொன்னது இந்த நாட்களில்தான், ஏப்ரல் 7.

எலியான் 2 என்ற மேட்டை மேலே இருந்து பிடிக்க முடியாமல் அடியில் சுரங்கம் வெட்டினார்கள். மண் தோண்டும் சத்தம் மேலே பதுங்கியிருந்தவர்களுக்குக் கேட்டது. சத்தம் நின்றால் உள்ளே வெடிமருந்து நிரப்புகிறார்கள் என்று அர்த்தம். மே 6 இரவில் ஏறக்குறைய ஒரு டன் வெடிமருந்து வெடித்தது. அந்தக் குழியை இன்றும் போய்ப் பார்க்கலாம். மறுநாள் மாலை 5.30க்குக் காஸ்திரி பிடிபட்டார். வெள்ளைக்கொடி காட்டக் கூடாது என்று ஹனோயிலிருந்து உத்தரவு, ஆகவே சுடுவதை மட்டும் நிறுத்தினார்கள். பதுங்குகுழியின் மேல் வீரன் கொடியசைக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அது பின்னால் கேமராவுக்காக மறுபடி நடித்தது.

மொத்தம் 56 நாள். வியட்நாம் ஒப்புக்கொள்ளும் தன் தரப்புச் சாவு 4,020, மேற்கத்திய மதிப்பீடு அதைப்போல இருமடங்கு. பிரெஞ்சுத் தரப்பில் சண்டையில் செத்தவர்கள் சுமார் 2,000. ஆனால் அவர்களுக்குப் பெரிய சாவு போர் முடிந்த பிறகுதான். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். மோசமாகக் காயம்பட்ட 858 பேரைச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் விட்டார்கள். மற்றவர்களை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் காட்டுவழியில் முகாம்களுக்கு நடத்திப்போனார்கள். கொடுத்த அரிசி, கூட நடந்த வியட்மின் வீரன் தின்ற அளவுதான் என்று சிலர் வாதிடுவார்கள். இரண்டு மாதம் சேற்றிலும் பட்டினியிலும் கிடந்த உடம்புக்கு, வயிற்றுப்போக்கும் மலேரியாவும் கூட வரும்போது அந்த வாதம் செல்லாது. சில மாதம் கழித்துத் திரும்பி வந்தவர்கள் சுமார் 3,300 பேர். வராதவர்களில் வியட்நாமியரான ஏறக்குறைய 3,000 பேர் என்ன ஆனார்கள் என்பதற்கு இன்றுவரை தெளிவான பதில் இல்லை.

முகாம் விழுந்ததற்கு மறுநாள், மே 8, ஜெனீவாவில் இந்தோசீனா பேச்சுவார்த்தை தொடங்கியது. தற்செயல் இல்லை, பேச்சு மேசைக்குப் போகுமுன் ஜெயித்துவிட வேண்டும் என்பது ஜியாப்பின் கணக்கிலும் இருந்தது. பாரிஸில் அரசு கவிழ்ந்தது. புதிய பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ், ஜூலை 20க்குள் உடன்பாடு, இல்லாவிட்டால் ராஜினாமா என்று கெடு வைத்துக்கொண்டார். நாட்டை வடக்கு, தெற்கு என்று பிரிக்கும் கோட்டை வியட்மின் 13ஆம் அட்சரேகையில் கேட்டது, 17இல் வந்து முடிந்தது. சீனாவும் சோவியத்தும் அமெரிக்கா நேரடியாக இறங்கிவிடக் கூடாது என்று பயந்து, ஜெயித்தவர்களையே விட்டுக்கொடுக்க வைத்தன. களத்தில் வாங்கியதை மேசையில் முழுசாகக் கொடுக்கவில்லை என்ற மனக்குறை ஹனோயில் வெகுகாலம் இருந்தது. இரண்டு பாதியையும் ஒன்றாக்க 1956இல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவேயில்லை. அதற்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே போனார்கள். மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும்.

இனி புதுச்சேரி. ஜெனீவா உடன்பாட்டைக் கண்காணித்த மூன்று நாட்டுக் குழுவுக்கு இந்தியா தலைமை, கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். 1954 அக்டோபர் 17 அன்று நேரு ஹனோயில் ஹோ சி மின்னைச் சந்தித்தார். மறுநாள், அக்டோபர் 18, புதுச்சேரியை அடுத்த கீழூரில் வாக்கெடுப்பு: மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. தியன் பியன் பூ விழுந்ததால்தான் புதுச்சேரி வந்தது என்று சொல்வது மிகை. வங்காளத்திலிருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூர் 1949லேயே இந்தியாவோடு சேர வாக்களித்துவிட்டது. புதுச்சேரியில் இணைப்பு இயக்கம் பல வருடமாக நடந்தது, 1954 மார்ச்சில் கொம்யூன் (உள்ளாட்சி) தலைவர்களே இணைப்புத் தீர்மானம் போட்டார்கள். ஆனால் இழுத்தடிக்கும் தெம்பு பாரிஸுக்கு அந்தக் கோடையோடு போய்விட்டது, மெந்தேஸ் பிரான்ஸ் வந்த பிறகு பேச்சு விறுவிறுவென்று முடிந்தது. அந்த அளவுக்குத் தொடர்பு உண்டு.

இன்னொரு தொடர்பு, வீட்டுக்குள் இருப்பது. புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சைகோனில் குமாஸ்தாவாகவும் வரி வசூலிப்பவராகவும் காவலராகவும் இருந்தார்கள், செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், சைகோன் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனா போய்வந்த "சொல்தா"க்கள் புதுச்சேரித் தெருக்களில் பென்ஷன் வாங்கிக்கொண்டு வெகுகாலம் இருந்தார்கள். வியட்நாமிய மனைவியோடு திரும்பியவர்கள் வீட்டில் சாம்பாருக்குப் பக்கத்தில் நெம் (வியட்நாமியப் பொரிச்சுருள்) பொரிப்பார்கள்.

நவம்பர் 1க்கு இன்னொரு விசேஷமும் உண்டு. புதுச்சேரியில் கொடி மாறிய அதே நாளில், விடியுமுன்னே, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் பல இடங்களில் ஒரே நேரத்தில் துப்பாக்கி வெடித்தது, விடுதலைப் போர் தொடங்கியது. தியன் பியன் பூவில் கைதாகி, வியட்மின் முகாமில் "யாருக்காகச் சண்டை போடுகிறாய்?" என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்ட அல்ஜீரியச் சிப்பாய்கள் அப்போதுதான் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முகாமில் பாராசூட் பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய பிழார் போன்ற அதிகாரிகளும் கொஞ்ச நாளில் அங்கேயே போய் இறங்கினார்கள், எதிர்ப்பக்கத்தில்.